முழங்கால் உயரத்தில் மைக்

மழையில் நனைந்த சாக்கின் வாசனை எங்கே வந்தாலும் நான் நீடாமங்கலத்தில் அப்பா நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விடுகிறேன். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் கூடம். எதிரொலி அடங்குவதற்காகச் சுவரெல்லாம் நெல்சாக்கு அடித்திருந்தார்.

கூலித் தகராறில் பண்ணையார் வெளியூர்ப் பெண்களை நடவுக்கு இறக்கிய வருஷம், வேலையிழந்த அஞ்சலை அக்கா அங்கே வந்தாள்.

“எங்க நடவுப் பாட்டப் புடிச்சுக் குடுங்க. கரையில மைக்செட் கட்டிப் போடுறோம். இந்த வயலுக்கு ஆளு இருக்குன்னு அதுங்களுக்குத் தெரியட்டும்.”

டேப் சுருள் சரசரவென்று ஓடியது, குரல் எழவில்லை.

“நிமிந்து நின்னா வரமாட்டேங்குதுங்க.”

அப்பா மைக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். அவள் குனிந்ததும் பாட்டு வந்தது. ஆனால் நடுகிறவள் பின்னால்தானே நகர்வாள், அவள் அடியடியாக விலக விலக, காதில் ஹெட்போனோடு அப்பாவும் மைக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே கூடப் போனார். சுவர் இடித்தது. அஞ்சலை சிரித்துவிட்டாள்.

“கரை வந்துடுச்சு, ஏறுங்க!”

மறுநாள் அந்தச் சிரிப்பும் அப்பாவின் மூச்சிரைப்பும் சேர்ந்த பாட்டு வயலெல்லாம் கேட்டபோது, சேற்றில் குனிந்திருந்த வெளியூர்ப் பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அன்று மறுபடி குனியவில்லை.