இன்ரநெற் செய்தவர் வீட்டில் லைன் இல்லை

வீடு வீடாய்ப் போய் இன்ரநெற் பூட்டுகிற எங்களை, லைன் இருக்கும்வரை ஒருவரும் நினைப்பதில்லை. இதே வேலை செய்கிறவர்களுக்கு நான் புதிதாய்ச் சொல்லத் தேவையில்லை.

சட்டிக்குள் சிக்னல்

அஜின்கோர்ட்டில் ஒரு அன்ரி. மேலறைக்குச் சிக்னல் வரவில்லை என்று முறைப்பாடு. பேஸ்மென்ற்றில் இறங்கிப் பார்த்தால், தூசி பிடிக்கும் என்று றவுட்டரைப் பெரிய அலுமினியச் சட்டியால் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறா. சட்டியைத் தூக்கினேன், சிக்னல் வந்துவிட்டது. "அன்ரி, இன்ரநெற்றைக் கண்டுபிடிச்ச பெரிய மூளைக்காரராலையும் சட்டிக்குள்ளாலை அனுப்பேலாது" என்றேன். அன்ரி சட்டியை வாங்கித் துடைத்துக்கொண்டே கேட்டா: "அப்ப அவை என்னத்தைத்தான் கண்டுபிடிச்சவை, தம்பி?"

சுவரில் இருந்த படம்

அடுத்த கிழமை யூனியன்வில்லில் நாதன் அங்கிள் வீடு. எண்பது வயதிருக்கும், தனி ஆள். மூன்று நாளாய் லைன் இல்லை. வழமைபோல, "ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தால், சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அலுமாரி அளவு மெஷினுக்கு முன்னால் ஏழெட்டு வெள்ளைக்காரர், ஓரத்தில் மெல்லிய மீசையோடு அவர், பக்கத்தில் எங்கள் நிறத்தில் இன்னொருவர்.

அமெரிக்காவில் படித்த காலத்தில், வேறு வேறு ஊர்களில் இருந்த கம்ப்யூட்டர்களை முதன்முதலில் இணைத்துப் பார்த்த கூட்டத்தில் அவரும் ஒருவராம். "பெரிய ஆக்கள் யோசிச்சவை. நாங்கள் புரோகிராம் எழுதிப் பாத்தனாங்கள்" என்றார். எனக்குக் காது சுட்டது. அவரிடமே ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னேனே என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்: "நாங்களும் வேறை என்னத்தைச் செய்தனாங்கள், தம்பி?"

மூன்று மணி

அந்தப் படத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஹரி என்ற சிநேகிதருக்கு மறுநாள் இருதய ஒப்பரேஷன். இன்றைக்கு மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஹரியின் மகள் அவரை வீடியோவில் காட்டுவாவாம். ஹரிக்கு இப்போது காது கேளாது, போனில் பேசிப் பயனில்லை. இதை அங்கிள் சொல்லும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது.

வெளியே சுவரில் லைன் வருகிற பெட்டியடியில் அணில் வயரைக் கடித்திருந்தது. புது வயர் இழுக்க வேறு ஆட்கள் நாளைக்குத்தான் வருவார்கள், அதுதான் கொம்பனிச் சட்டம். எனக்கு அடுத்த வேலை ரூஜ் பக்கம், அந்த வீட்டுக்காரர் காத்திருந்தார். நான் என் வான் வண்டிக்குள் கிடந்த வயரை எடுத்து, பனிக்கு மேலால் இழுத்து, விறைத்த விரலால் பூட்டினேன். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பச்சை லைட் எரிந்தது.

திரையில் ஹரியின் முகம் வந்தது. அங்கிள் கையை அசைத்தார். பிறகு ஹரி பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நாளிலை கம்ப்யூட்டரிலை ஒரு எழுத்தை அனுப்பிப்போட்டு, வந்திட்டுதோ எண்டு மற்ற ஊரிலை நிண்ட இவனைப் போனிலைதான் கேக்கிறனான். இண்டைக்குக் கேக்கத் தேவையில்லை."

இரண்டு கடிதம்

நான் வரப் பிந்தியதென்று ரூஜ்காரர் என்மேல் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டார். பத்து நாள் கழித்து சூப்பர்வைசர் தர்சினி கூப்பிட்டா. இங்கேயே பிறந்த பிள்ளை. மேசையில் இன்னொரு கடிதமும் இருந்தது. ஹரி சுகமாய் வீட்டுக்குப் போய்விட்டார், தினமும் மூன்று மணிக்கு வீடியோவில் பார்க்கிறோம் என்று அங்கிள் எழுதியிருந்தார். எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. தர்சினி கடைசி வரியைக் காட்டினா: "அண்ணை, ஒரு கம்ப்ளெயின்ற், ஒரு தாங்க்யூ. பட் தாங்க்யூ சொன்னவருக்கும் ஸ்பீட் காணாதாம்!"

செய்தவருக்கே காணாது என்றால், பூட்டுகிற எனக்குப் பென்ஷன் வரைக்கும் வேலைக்குக் குறைவில்லை.