எஸ்போசித்தோ வீட்டுப் பொடியன்

ஊர் பேர் விசாரிக்காமல் மரியநாயகி ஒரு சம்பந்தத்துக்கும் தலையாட்ட மாட்டார். மகள் டயனா கட்டப்போவது லூக்கா எஸ்போசித்தோ என்ற இத்தாலிக்காரப் பொடியனை என்றான பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. அவர்கள் இருக்கும் லண்டன் வெம்பிளி முழுக்கக் கேட்டும் அவனைத் தெரிந்த சனம் அகப்படாததால் கடைசியில் புருசனைப் பிடித்தார். கஸ்பர் மன்னாரிலிருந்து போய், பலெர்மோவில் தனியே கிடந்து டைல்ஸ் பதித்து, இத்தாலிப் பாஸ்போர்ட் எடுத்த பிறகுதான் பெண்சாதி பிள்ளையை லண்டனுக்கு எடுப்பித்தவர். அந்த நாட்டுச் சங்கதி அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

“லூக்கா எந்த ஊராம்?”

“நாப்போலி. புதுப் பட்டினம் எண்டு அர்த்தம். கிரேக்கச் சனம் குடியேறி வைச்ச பேர்.”

“அப்ப நேற்று முளைச்ச ஊரே?”

“ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல.”

“அவ்வளவு பழசெண்டால் காணும். எஸ்போசித்தோ எண்டால் என்ன?”

கஸ்பருக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. முந்தின காலத்தில் நாப்போலியில், வளர்க்க வழியில்லாத குழந்தையைக் கன்னியர் மடத்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். வெளியே வைக்கப்பட்ட பிள்ளை என்று அந்தக் குழந்தைகளுக்கு இட்ட பெயர்தான் அது. இதைச் சொன்னால் சம்பந்தம் அன்றோடு சரி. டயனா வேறு, “அம்மாவை நீங்கள்தான் சமாளிக்கோணும் அப்பா” என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அவருக்கும் அந்தப் பொடியனை நன்றாகப் பிடித்துப்போயிருந்தது.

“பெரிய வியாபாரக் குடும்பம்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பினார்.

ஞாயிறு பூசை முடிந்து லூக்கா சாப்பிட வந்தான். நண்டுக்கறி பரிமாறிக்கொண்டே மரியநாயகி, என்ன வியாபாரம் என்று மகளைக் கேட்கச் சொன்னார். கஸ்பர் சோற்றுக் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை. பொடியன் சிரித்துக்கொண்டே உள்ளதைச் சொல்லிவிட்டான். தங்கள் முப்பாட்டன் ஒருவர் மடத்து வாசலில் கிடந்த பிள்ளையாம், அதற்கு முன்னால் ஒன்றும் தெரியாதாம். அதைத் தமிழில் சொல்லிவிட்டு டயனா அப்பாவைப் பார்த்தாள்.

மரியநாயகியின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

“ஆர் எடுத்து வளர்த்ததாம்?”

“மடத்துச் சிஸ்டர்மார், அம்மா.”

மரியநாயகியின் தங்கை பெர்னடெற்றும் மன்னாரில் ஒரு மடத்தில் சிஸ்டர்தான். வன்னியில் சண்டை முடிந்த நாள்முதல் போனில் அவர் கதைப்பதெல்லாம், தாய் தகப்பன் இல்லாமல் மடத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான்.

“பெர்னடெற்றின்ர மடத்திலையும் இப்ப அறை நிறையப் பிள்ளையள். நாளைக்கு அதுகள் கலியாணம் கேட்டுப் போற வீட்டிலையும் ஒருத்தி என்னை மாதிரி நிண்டு, ஆரின்ர பிள்ளை எண்டு கேப்பாள், என்ன?”

மரியநாயகி சட்டியைக் கிளறி, இருந்ததில் பெரிய நண்டுக்காலாகப் பார்த்து லூக்காவின் கோப்பையில் வைத்தார். பிறகு புருசனின் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு நண்டு இல்லை. வியாபாரக் குடும்பமாம்.”