பதினாறாம் நாளுக்கு ஒரு கையெழுத்து

எங்கள் சைட்டில் சோலையப்பனை யாருக்கும் தெரியாது. மாயழகைத்தான் தெரியும். மாயழகு அவருடைய அப்பா. சிவகங்கைப் பக்கம் ஒரு ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், மதுரையைத் தாண்டாதவர். ஆனால் துபாயில் எங்கள் அல் கூஸ் கேம்ப்பில் ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆஜர் எடுத்தார்கள். நம் ஊரில் ‘மா. சோலையப்பன்’ என்று ஒரே எழுத்தோடு முடிந்துபோகிற விஷயம். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து முன்னால் போட்டுவிட்டால் அப்பன் பெயர்தான் ஆள் பெயர். எங்கள் எல்லோருக்கும் இதே கதிதான். என் அப்பா பெயரைச் சொல்லி ஃபோர்மேன் என்னைத் திட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோலையப்பன் அண்ணன் மட்டும் சிரிப்பார். “எங்கய்யாவ நம்ம செலவில்லாம துபாய்க்குக் கூட்டியாந்தாச்சு, விடு தம்பி” என்பார்.

அண்ணன் கம்பி கட்டுகிறவர். அந்தக் காலத்தில் மதிய இடைவேளைச் சட்டமெல்லாம் வரவில்லை. ஜூலை வெயிலில் கம்பியைத் தொட்டால் கையுறையையும் மீறிக் கொப்பளிக்கும். அவர் முனகி நான் கேட்டதில்லை. எனக்கோ எதற்கெடுத்தாலும் மூக்கின் மேல் கோபம். ஒரே தாலுகாக்காரர்கள், ஒரே ஏஜெண்டிடம் ஏமாந்தவர்கள் என்பதால் ஒரே ரூமில் கிடந்தோம்.

2003 ஜூலை மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, மாயழகு இறந்துபோனார். காலையில் ஆட்டைப் பத்தப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம். அண்ணனுடைய மனைவி நாகவள்ளி, போன் வைத்திருந்த டீச்சர் வீட்டிலிருந்து கேம்ப் ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். கொள்ளி வைக்கப் போக முடியாது. அது கல்ஃபில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், பிணம் காத்திருக்காது. அண்ணி அழுகைக்கு நடுவிலும் அதைச் சரியாகச் சொன்னார்.

“கொள்ளியப் பங்காளி வீட்டுப் பையன் வச்சுருவான். பதினாறாம் நாளு கருமாதிக்கு மட்டும் நீங்க வந்துருங்க. ஒத்தப் பிள்ளை நீங்க.”

“வந்துர்றேன்” என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் அவர் அடுத்த இரண்டு வாரம் நாயாய் அலைந்தார்.

எமர்ஜென்சி லீவ் சும்மா கிடைக்காது. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கும். கேம்ப் ஆபீஸ் கிளார்க் செய்கு அலாவுதீன் ராமநாதபுரத்துக்காரர், நல்ல மனுஷன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

“பேப்பர் வேணும்ப்பா. சர்க்கார் சீல் வச்ச டெத் சர்ட்டிபிகேட். ஃபேக்ஸ்ல வந்தாலும் போதும். நம்மாளுக பண்ணி வச்ச வேலைதான் இது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் கேம்ப்பில் ஒரே ஆளுக்கு மூன்று வருஷத்தில் இரண்டு தடவை அப்பா செத்திருக்கிறார். அதற்குப் பிறகு கம்பெனி யார் வாய்ச்சொல்லையும் நம்புவதில்லை.

ஊரில் சாவைப் பதிந்து ஒரு தாள் வாங்குவது பெரிய காரியமா? மற்ற நாளாக இருந்தால் இல்லை. ஆனால் அந்த வாரம்தான் தமிழ்நாடு முழுக்க அரசு ஊழியர்கள் ஸ்ட்ரைக்கில் இறங்கியிருந்தார்கள். பென்ஷனிலும் சலுகைகளிலும் கை வைத்துவிட்டார்கள் என்று கோபம். எங்கள் தாலுகா ஆபீஸில் பூட்டு தொங்கியது. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். அண்ணி தினமும் பஸ் ஏறிப் போய் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

எங்கள் ரூமில் ஆளாளுக்கு ஸ்ட்ரைக்காரர்களைக் கரித்துக் கொட்டினார்கள். “இங்க நாம ஒரு நாள் உக்காந்தா மறுநாளு ஃப்ளைட்ல உக்கார வச்சுருவான். அவனுகளுக்கு என்னய்யா கேடு?” என்று ஒருத்தன் கத்தினான். அந்த ஆபீஸில் உதவியாளராக இருந்தது என் கூடப் பிறந்த அக்கா அருணா. அவளும் ஸ்ட்ரைக்கில்தான் இருந்தாள்.

சனிக்கிழமை டூட்டி முடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். “ஒரே ஒரு தாளுக்கா. நீ உள்ள போயி எழுதிக் குடுத்துட்டு வந்துரு. சோலையப்பண்ணன் எனக்கு எவ்வளவு செஞ்சிருக்காருன்னு உனக்கே தெரியும்.”

“நான் உள்ள போனா கருங்காலின்னு காறித் துப்புவாங்கடா. நாளைக்கு எல்லாரும் திரும்பி வருவாங்க. பக்கத்து சீட்டு ஆளு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“இங்க ஒரு மனுசன் அப்பனுக்குக் கருமம் பண்ண முடியாமக் கெடக்கான். உனக்கு சீட்டு பெருசாப் போச்சா?” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். அரசாங்கம் ஒரே போடாக லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. “இப்ப நான் கையெழுத்துப் போட்டாலும் அது வெறும் கிறுக்கல்டா தம்பி” என்றாள். யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குப் புரியவில்லை. அவள்மேல் வந்த கோபம் அப்படியே இருந்தது, அவளை அனுப்பியவர்கள்மேலும் வந்தது.

இதை அண்ணனிடம் மறைக்கவும் முடியவில்லை. சொன்னேன்.

“அக்கா என்ன செய்வாக பாவம். ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு” என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் தாலுகா ஆபீஸ் திறந்தது. தற்காலிகமாக ஆள் எடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அண்ணியின் விண்ணப்பத்தை வாங்கியது அன்றைக்குத்தான் அந்த நாற்காலிக்கு வந்த ஒரு பெண். என்ன அவசரம் என்று அது கேட்க, அவசரத்தைக் காட்ட அண்ணி கையிலிருந்த அண்ணனின் பாஸ்போர்ட் ஜெராக்ஸை நீட்டினார். கல்ஃப்காரன் வீடு எல்லாவற்றிலும் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் அது இருக்கும். அந்தப் பெண்ணும் பாவம் ஓடி ஓடித்தான் செய்து கொடுத்தது. அன்று மதியமே ஃபேக்ஸ் வந்துவிட்டது. அண்ணன் சைட்டில் லீவ் சொல்லிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேம்ப் ஆபீஸுக்குப் போனார். கூட நானும் போனேன்.

அலாவுதீன் பாய் ஃபேக்ஸை எங்களிடம் காட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். முகமே சரியில்லை.

“எறந்தவர் பேரு மாயழகு சோலையப்பன்னு போட்டுருக்குப்பா. தகப்பனார் பேரு மாயழகு. வயசு எழுவத்தொண்ணு.”

வயது மட்டும் சரியாக இருந்தது. ரேஷன் கார்டைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். பெயரைப் பாஸ்போர்ட்டில் இருந்தபடியே இறக்கிவிட்டது அந்தப் பெண். தாளின்படி செத்தது அண்ணன்.

பாய் எங்களுக்காக மேனேஜரிடம் போய் வாதாடினார். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர் ஒரு எழுத்தாக முன்னால் நிற்கும், அதுதான் இப்படிக் குழம்பிவிட்டது என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ செத்தது எழுத்தா, ஆளா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இது டூப்ளிகேட், சரியான பேப்பர் கொண்டு வா, கலாஸ், அவ்வளவுதான் என்று தாளைத் தள்ளினார்.

அண்ணன் அந்த வெள்ளைச் சட்டையோடு திரும்பி நடந்தார்.

மறுநாள் அண்ணி திருத்தம் கேட்டுப் போனார். எழுதிய பெண்ணுக்குத் திருத்த அதிகாரம் இல்லை. தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டும், தாசில்தாரோ கலெக்டர் மீட்டிங்கில் இருந்தார். அதற்கு அடுத்த நாளும் மீட்டிங். பதினைந்தாம் நாள் சாயங்காலம் அண்ணி போனில் கேட்டார்: “மாமாவுக்கு யாரு எள்ளுந் தண்ணியும் எறைக்கிறது?”

“அந்தப் பையனையே எறைக்கச் சொல்லு” என்றார் அண்ணன். ரிசீவரை வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை, இங்கே விடுமுறை. கேம்ப் சலூனில் மலையாளக்காரரிடம் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். சோறு வடித்து, ஒரு பிடியைத் தட்டில் வைத்து மதிலில் வைத்தார். காக்கை வரவில்லை. புறாக்கள்தான் வந்தன. “இங்க காக்காயும் லீவுல போயிருச்சு போல” என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒன்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் நாள் ஓடியது. அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சர்டிபிகேட்டைத் திருத்த மனு கொடுக்கச் சொன்னாள். அண்ணி கொடுத்தார், அது எந்த மேஜையில் கிடந்ததோ. அடுத்த வருஷம் மே மாதம் பார்லிமெண்ட் தேர்தல் வந்தது. ஓட்டுப் போடப் போன அண்ணியிடம், “வீட்டுக்காரர் பேரு நீக்கியாச்சும்மா, எறந்துட்டதா இருக்கு” என்றார்களாம். மாமனார் பெயர் மட்டும் பத்திரமாக இருந்ததாம். தாலிக்கயிறும் கழுத்துமாக வரிசையில் நின்றுகொண்டு அதைக் கேட்டிருக்கிறார். ஓட்டுப் போட்டு வந்தவர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

ரிசல்ட் அன்று அக்கா போனில் துள்ளிக் குதித்தாள். “எங்கள வீட்டுக்கு அனுப்பினவங்களுக்கு ஒரு சீட்டுகூடக் கெடைக்கலடா. வச்சோம்ல ஆப்பு!” எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. கடையில் அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு, டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த அண்ணனிடம் ஓடினேன்.

“பாத்தீங்களாண்ணே, சுத்தமாத் தொடச்சுட்டாங்க. நம்மள அலைய விட்டவங்களுக்குச் சரியான பாடம்.”

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“அப்படியா. நல்லது தம்பி” என்றார். பஸ் வருகிற பக்கம் பார்த்தார். “தோத்தவுகளுக்கு அடுத்த எலெக்சன் வரும். அக்காவுக்கு வேலை வந்துருச்சு. எங்கய்யாவுக்குப் பதினாறு இன்னொரு தடவ வராதுல்ல?”

பஸ் வந்தது. லட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேம்ப் வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். திறக்கவில்லை.