ஒட்டுக்காரரின் சுண்டுவிரல்

அந்த ஊரில் பாதி வீட்டுச் சுவரில் ஒட்டுக்காரரின் கை தொங்குகிறது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். கையை வெட்டியா கொடுத்தார் என்றால், ஆமாம், வெட்டித்தான் கொடுத்தார். கம்ப்யூட்டரில்.

அவருக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ. நாலைந்து படங்களிலிருந்து முகத்தையும் உடம்பையும் வெளிச்சத்தையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒட்டு தெரியாமல் ஒரே படமாக இழைத்துவிடுவார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். வெளிநாட்டில் இருக்கும் மகன், செத்துப்போன அப்பா, சொத்துத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாத தம்பி என்று யாரை வேண்டுமானாலும் குடும்பப் படத்தில் கொண்டுவந்து சிரிக்க வைப்பார். நிழல் எந்தப் பக்கம் விழும், தோளில் கை வைத்தால் துணி எங்கே அமுங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. தொழில் தெரிந்தவனுக்கு அது இல்லாமல் இருக்குமா?

செத்தவர்களைக் கொண்டுவருவதில் ஒரு தொல்லை இருந்தது. பெரும்பாலும் அடையாள அட்டைப் படம்தான் வரும். அதில் கழுத்துக்குக் கீழே யாருக்கும் ஒன்றும் இருப்பதில்லை. இணையத்தில் கிடைக்கிற கைகளோ வெளிச்சத்துக்கு ஒத்துவராது. அதனால் ஒட்டுக்காரரே கோட்டை மாட்டிக்கொண்டு சொந்தக் கேமரா முன்னால் போய் நிற்பார். தலை அவர்களுடையது, உடம்பும் கையும் இவருடையது. "தன் கையே தனக்குதவி. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானேன்?" என்பார் பெருமையாக.

"ஊர்ல எத்தன பொம்பளைங்களுக்குப் புருஷனா நிக்கிறீங்க? கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்று அவர் மனைவி கேலி செய்வார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவருடைய வலது சுண்டுவிரல் பிறவியிலேயே உள்பக்கமாக வளைந்தது. ஒவ்வொரு படத்திலும் முதல் வேலையாக அதை நிமிர்த்திவிடுவார். ஒரே ஒரு படத்தில் மட்டும் நிமிர்த்தவில்லை. வினை அங்கேதான் வந்தது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, மகள் கல்யாணம் முடிந்த கையோடு அவரிடம் வந்திருந்தார். கணவர் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். மகள் தவழ்ந்து எழுந்து நடக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். கல்யாணப் படத்தில் அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது மகளுக்கு ஆசை. அந்த அம்மா ஒரு உறையை நீட்டினார். உள்ளே ஒரு அடையாள அட்டைப் படம், கூட்டத்தோடு எடுத்த ஒரு மில் படம், முகம் பாதிதான் விழுந்த ஒரு மங்கலான படம்.

"தம்பி, இந்தக் கடைசிப் படத்துல முகம் சரியா விழல. ஆனா அவர் கை இதுல இருக்கு, பாத்துக்குங்க" என்றார்.

ஒட்டுக்காரர் பார்த்தார். கண்ணை ஓட்டினார் என்பதுதான் சரி. ஆள்காட்டி விரலில் பாதி இல்லை, ரம்பம் தின்றுவிட்டிருந்தது. நல்ல நாள் படத்தில் அறுந்த விரல் எதற்கு என்று அவராகவே முடிவு கட்டினார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று படங்களையும் ஸ்கேன் செய்துகொண்டு உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் கோட்டை மாட்டினார்.

அந்தப் படம் அவர் வாழ்நாளிலேயே சிறந்த படமாக அமைந்தது. மணப்பெண்ணின் தோளில் அப்பாவின் கை. விரல்களின் கீழே பட்டு லேசாக அமுங்கியிருந்தது. சுண்டுவிரலை நிமிர்த்தப் போனவர், நிறுத்திக்கொண்டார். அந்த வளைவு தோளைப் பிடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. 'இந்தக் கோணல்தான்யா படத்துக்கு உயிர்' என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

வாங்க வந்த அன்று மகள் படத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள். அந்தக் கையின்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா படத்தைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த ஒட்டுக்காரரின் கையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிரமிப்பில் வாயடைத்துப் போய்விட்டார் என்று இந்தப் புத்திசாலி நினைத்துக்கொண்டார். அதே படத்தின் இன்னொரு பிரதியைக் கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியும் வைத்தார்.

போன மழைக்காலத்தில் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். கூடவே அம்மாவும்.

"மாமா, இங்க பாருங்களேன்!" என்று குழந்தையின் கையை விரித்துக் காட்டினாள். "சுண்டுவிரல் உள்ள வளைஞ்சிருக்கு பாத்தீங்களா? அப்படியே எங்கப்பா விரல்! வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் படத்தக் காட்டித்தான் சொல்றேன். எங்கப்பா எங்கேயும் போகலன்னு எனக்குத் தெரியும் மாமா."

எந்தக் குழந்தைதான் விரலை நீட்டி வைத்துக்கொண்டு பிறக்கிறது? ஆனால் அதைச் சொல்லவா முடியும்? ஒட்டுக்காரரின் வலது கை அவரைக் கேட்காமலே பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

"தாத்தா இவனைத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி ஒரு படம் பண்ணிக் குடுங்க மாமா. கை மட்டும் நல்லாத் தெரியணும். தினமும் வெளிய கிளம்பும்போது அந்தக் கையத் தொட்டுட்டுத்தான் போவேன். இவனுக்கும் பழக்கணும்."

அந்த அம்மா குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வது போலத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் ஒட்டுக்காரருக்கு உறைத்தது.

அவர்கள் போனபின் கோட்டை எடுத்தார், மறுபடி ஆணியில் மாட்டினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் கையே குறுகுறுத்தது. பழைய கோப்புகளைத் தோண்டி அந்த மங்கலான படத்தைத் திறந்தார். அன்று கண்ணை ஓட்டிய படத்தை இன்று பெரிதாக்கிப் பார்த்தார்.

பாதி முகத்தோடு ஒருவர் குனிந்திருக்கிறார். கீழே, அப்போதுதான் நடக்கப் பழகிய ஒரு பெண் குழந்தை. அவருடைய அறுந்த விரலைத் தன் கைப்பிடிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் குட்டிக் கைக்கு அந்த அரை விரல் கச்சிதமாக இருக்கிறது.

ஒட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவள் பிடித்து நடந்த விரலை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தன் கையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அதைக் கலை என்று சொல்லி வாசலில் வேறு மாட்டியிருக்கிறார். தூ!

மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தார். அவர் நடந்ததைச் சொன்னார். மனைவி திரையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

"சொல்லிடுங்க" என்றார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"மூஞ்சியா? மூஞ்சி அவங்கப்பாவோடதுதானே. கைய வச்சுச் சொல்லுங்க."

தாயும் மகளும் மறுபடி வந்தபோது வாசலில் அந்தப் படம் இல்லை. ஒட்டுக்காரர் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து, படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் அப்படியே விரித்து வைத்தார்.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அப்போ... நான் தினமும் தொட்டது உங்க கையையா?"

"ஆமாம்மா."

"இத்தன வருஷமாவா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அந்த அம்மா. "அன்னைக்கே பாத்துட்டேன். நீ அப்படி அழுதுக்கிட்டு நிக்கிற. அது உங்கப்பா கை இல்லடின்னு எந்த வாயால சொல்லுவேன்? எதையோ ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும்னு, அந்தப் பழைய படத்தையும் உன் கண்ணுல காட்டாம விட்டுட்டேன். தம்பி மேல மட்டும் தப்பு இல்ல."

"இல்லக்கா, நீங்க கைய எடுத்துக் குடுத்தீங்க. நான்தான் வேண்டாம்னு தூக்கிப் போட்டேன்" என்றார் ஒட்டுக்காரர். "அழகா இல்லன்னு."

"எங்கப்பா கை எங்க?" என்றாள் மகள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முகம் ஒட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். அறுந்த விரலைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"இது நானா?"

"நீதான்" என்றார் அம்மா. "அந்த விரலைத் தவிர வேற எதையும் பிடிக்க மாட்ட. முழு விரல் எதுவும் உன் கைக்கு அடங்காது."

அவள் கண்ணைத் துடைக்காமலே சொன்னாள்: "இதப் பெருசாக்கிக் குடுங்க. மங்கலா இருந்தாலும் பரவாயில்ல. ஒண்ணும் ஒட்ட வேண்டாம்."

ஒட்டுக்காரர் அச்சுக்குக் கொடுத்தார். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. கொஞ்சம் கூர்மையாக்கலாமா, அந்த ஓரத்து இருட்டை மட்டும் சற்று வெளிச்சமாக்கலாமா என்று கை அரித்தது. அடக்கிக்கொண்டார். இரண்டு கையாலும் ஏந்திப் படத்தை நீட்டினார்.

அவள் அவர் கை படாத ஓரமாகப் பார்த்துப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.