ஆடாத நட்சத்திரம்

எங்கள் சலவை ஆலையின் இரவுக் காவலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் சி.ஐ.டி. வாங்கிக் கொடுத்த தேநீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சொந்தத் தங்கை புருஷனையே நம்பமாட்டார். அந்த மாப்பிள்ளை எங்கள் கொதிகலனுக்கு ராத்திரியில் விறகு போடுகிறவர். "அவன் விடிய விடியத் தூங்குறான். ஒருநாள் கையும் களவுமா பிடிக்கிறேன்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புகைபோக்கிக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக ஏதோ மினுக்குகிறது, திருடர்கள் ஜாடை காட்டுகிறார்கள் என்று ஒரே வாரத்தில் இரண்டு தடவை அபாய மணியை அடித்துவிட்டார். இன்னொரு தடவை சும்மா அடித்தால் வேலை போய்விடும் என்றார் மேனேஜர். எலெக்ட்ரீஷியனான என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். அன்று ராத்திரியே பார்த்துவிட்டு சி.ஐ.டி.யிடம் சொன்னேன்.

"அது நட்சத்திரம்ணே. தூரத்துலேருந்து சின்னப் புள்ளியா வர்ற வெளிச்சம். காத்துல சூடும் குளிருமா மாறி மாறி இருக்கா, அதுல வளைஞ்சு வளைஞ்சு வருது. அதான் ஆடுது. போதாக்குறைக்கு நம்ம புகைபோக்கிச் சூடு வேற."

"அப்ப பகல்ல எங்க போய் ஒளியிறான்?"

"எங்கயும் போகல. சூரிய வெளிச்சம் காத்துல சிதறி வானத்தையே வெளுக்க வச்சிடுது. அதுல இது தெரியல."

"பாக்கலாம்" என்றார். அன்றிலிருந்து தினமும் அதையே கண்காணித்தார்.

பத்தாம் நாள், நட்சத்திரம் புகைபோக்கிக்கு நேர் மேலே வந்தும் வழக்கமான ஆட்டம் இல்லை, லேசான மினுக்கல்தான். சி.ஐ.டி.க்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சூடு இல்லையென்றால் அடுப்பு அணைந்திருக்கிறது, மாப்பிள்ளை தூங்குகிறான். வாசலை விட்டு அவர் நகரக்கூடாது, சாட்சியும் வேண்டும். வேலை போனாலும் போகட்டும் என்று மணியை அடித்தார்.

மேனேஜர் போய்ப் பார்த்தபோது மாப்பிள்ளை விறகுக் குவியலோரம் நெஞ்சைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். மூச்சு மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரியில், பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொன்னதும் தங்கை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உனக்கு எப்படிண்ணே தோணுச்சு? அவர் மேல இவ்வளவு பாசமா?"

சி.ஐ.டி. கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார்.

"அவன மாட்டிவிடத்தான்பா மணிய அடிச்சேன். தங்கச்சிகிட்ட சொல்லிடாத."