அரைவால் எலி சாலையைக் கடந்த விதம்

ஆறுவழிச் சாலையை ஒரு எலி தன்னந்தனியாகத் தாண்டிப் போயிருக்கிறதாம். எனக்குச் சொன்னவர் முடி வெட்டுகிறவர். அவருக்குச் சொன்னது சாலைத்துறையில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர். வண்டி குறைகிற நேரமாகப் பார்த்துக் கிளம்பி, நடுத்தடுப்போரம் சற்று இளைப்பாறி, மிச்சத்தை ஒரே ஓட்டமாக ஓடிக் கடந்ததாம்.

"நாம தாண்டினா அபராதம். அது தாண்டினா அறிக்கை எழுதுறாங்க," என்றார் அவர், கத்திரியை நிறுத்தாமல். "இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டமாம். ரோட்டுக்கு அடியில எலி போக வரக் குழாய் பதிக்கிறதா இருந்தாங்கல்ல, அது வேணாம்னு முடிவாகப் போகுதாம். அதான் தானாப் போகுதே."

பாதித் தலையிலேயே நாற்காலியை விட்டு எழப் பார்த்தேன். அந்தச் சாலையோரத்து எலிகளைப் பிடித்துப் பதிவு செய்கிறவர் என் அண்ணி.

அண்ணி முன்பு செருப்புக்கடையில் இருந்தார். ஒன்பது வருஷம் ஊரார் காலை அளந்த பிறகு, ஆராய்ச்சி நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். நேர்காணலில் பேராசிரியர் அம்மா ஒரு காட்டெலியைக் கையில் கொடுத்தாராம். உடன் வந்த இருவர் நாற்காலியோடு பின்னால் போனார்கள். அண்ணி அதைப் புரட்டிப் பார்த்து, "பொட்டைதானே மேடம்?" என்று கேட்டார். வேலை கிடைத்துவிட்டது. அங்கே எல்லோரும் அவரை எலியக்கா என்பார்கள். ஒருநாள் எங்கள் சமையலறைக்குள் எலி வந்தபோது எலியக்கா கட்டில்மேல் ஏறி நின்று அண்ணனைக் கூப்பிட்டார். கேட்டதற்கு, "அது வீட்டெலி. நமக்குப் பழக்கமில்லை," என்றார்.

வேலை இதுதான். விடிந்ததும் சாலைக்கு மேற்கே நாற்பது அலுமினியப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும். உள்ளே ஓட்ஸ், கடலை விழுது, குளிருக்குப் பஞ்சு. எலி இருந்தால் பையில் போட்டு எடை பார்த்து, மரபணுச் சோதனைக்காகக் காதோரத்தில் குண்டூசித் தலையளவு வெட்டிச் சிறு குப்பியில் போட்டு, பதிவேட்டில் எழுதி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பிறகு நிலையத்துக் காரில் ஒன்பது கிலோமீட்டர் சுற்றி மறுபக்கம் வந்து, கிழக்கே நாற்பது பெட்டிகள். பதினாலு வருஷமாக இதே.

மேற்கே பெரிய காடு. கிழக்கே, சாலைக்கும் குடியிருப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட புதர்க்காடு, இரண்டு மைதானம் அகலம். சாலை வந்து இருபது வருஷம். எலிக்கு அது நாற்பது ஐம்பது தலைமுறை. அதற்குமுன் இரண்டு பக்கமும் ஒரே கூட்டம்தான். இப்போது கிழக்கே தலைகள் குறைவு, வெளியிலிருந்து வருவாரில்லை, முறை பார்க்க வழியில்லை. ஒன்றுக்கொன்று இருந்த மரபணு வித்தியாசங்கள் தலைமுறைக்குத் தலைமுறை கரைந்துகொண்டே போகின்றன. புதுசாக ஒரு நோய் வந்தால் மொத்தமும் சேர்ந்து படுத்துவிடலாம். பேராசிரியர் இதை நாற்பது பக்கத்தில் எழுதினார். அண்ணி ஒரு வரியில் சொல்வார்: "கிழக்கே பொண்ணு எடுக்க இடமில்லை தம்பி."

நான் வீட்டுக்கு வந்தபோது ஒன்பதரை. அண்ணி காலை வேலை முடித்து வந்து பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் மதிய ஷிப்ட் என்பதால் அண்ணனும் இருந்தான். நான் கேட்டதைச் சொன்னேன்.

"வாலைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" அண்ணியின் வாயில் கிளிப் இருந்தது.

"அரை வால்னு சொன்னார்."

கிளிப்பை எடுத்தார். "அது தாண்டலை தம்பி. நான்தான் கூட்டிட்டுப் போனேன். கார்ல."

அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

போன வருஷம் ஒரு மழைநாள். மேற்கே ஒரு பெட்டி காலி என்று நினைத்து, கழுவுவதற்குக் காரில் எடுத்துப் போட்டிருக்கிறார். எலி பஞ்சுக்குள் சுருண்டு கிடந்திருக்கிறது. கிழக்கே போய்ப் பெட்டியைத் திறந்தால் ஆள் உட்கார்ந்திருக்கிறான், வால் பாதிதான். பை எடுப்பதற்குள் கையைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டான். பதிவேட்டில் பிடித்ததற்குக் கட்டம் உண்டு, எடைக்கு உண்டு, காதுக்கு உண்டு. ஓடிப்போனதற்குக் கட்டம் இல்லை. அண்ணி எழுதவில்லை.

"மூணு மாசம் கழிச்சுக் கிழக்கே முப்பத்தொண்ணாம் பெட்டியில வந்து விழுந்தான். நல்லாச் சதை போட்டு. அட, நீயான்னேன். காதை வெட்டினேன், முப்பத்தொண்ணுன்னு எழுதினேன், வால் பாதின்னு எழுதினேன். எல்லாம் நிஜம்தானே."

"எல்லாம் நிஜம்தான்," என்றான் அண்ணன்.

"அப்புறம் பக்கத்துப் பெட்டிகள்ல மூணு குட்டி. சோதனையில மூணுலயும் பாதி மேற்கு. குடும்பஸ்தன் ஆயிட்டான். மேடம் கூப்பிட்டு, ரொம்ப முக்கியமான எலிக்கா இதுன்னு சொன்னாங்க. எந்த எலின்னு நான் கேட்கலை. கேட்டா தெரிஞ்சிடுமே."

"இப்போ தெரிஞ்சாச்சு. விடு. ஒரு எலி அந்தப் பக்கம் இருந்தா என்ன, இந்தப் பக்கம் இருந்தா என்ன?"

"ஏங்க, நீங்க ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்குக் குடுத்தா என்ன?"

"நான் குடுத்ததே இல்லை."

"நானும் அந்த மழைநாள் வரைக்கும் மாத்தி விட்டதில்லை."

அண்ணன் சமாதானத்துக்கு வந்தான். "சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? ஒண்ணு தப்புன்னா மிச்சத்தையும் சந்தேகப்படுவாங்க. பதினாலு வருஷப் பதிவேடு. செருப்புக்கடையில இன்னும் உன் நாற்காலி காலியாவா இருக்கு?"

"சொல்லலைன்னா குழாய் வராது."

"குழாய் வந்தா நமக்கு என்ன?"

"நமக்கு ஒண்ணுமில்லை. அவன் ஒருத்தன் எத்தனை காலத்துக்கு அங்கே மாப்பிள்ளையா இருப்பான்? எலிக்கு ஆயுசே ஒண்ணரை வருஷம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் துணிக்கூடையைப் பார்த்தேன். எனக்கு வந்த கடிதத்தையே அண்ணனிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறவன் நான், என்னிடம் யோசனை கேட்பதில் பொருளில்லை.

கூட்டம் நடக்கிற கட்டிடம் நகரத்தின் மறுகோடியில், இரண்டு பேருந்து மாற வேண்டும். கிளம்பினாலும் போய்ச் சேரப் பன்னிரண்டரை ஆகும். அண்ணி பேராசிரியருக்குச் செய்தி எழுதினார். எழுதி அழித்து, மறுபடி எழுதி, என்னிடம் காட்டினார்: "மேடம், அரை வால் தானாகப் போகவில்லை. மேற்கே பிடித்து, தெரியாமல் கிழக்கே விட்டது நான். எழுதாததும் நான்." பிழை இருந்தால் திருத்தச் சொன்னார். திருத்த ஒன்றுமில்லை. அனுப்பினார். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை.

"பார்க்க மாட்டாங்க. கூட்டத்துக்குப் போனா போனைப் பைக்குள்ள போட்டுடுவாங்க," என்றார்.

"அப்போ விதின்னு விடு," என்றான் அண்ணன்.

"விதி இல்லைங்க, சைலன்ட்ல இருக்கு."

பத்தே முக்காலுக்கு நிலையத்தின் அலுவலக எண்ணுக்குப் போன் போட்டார். எழுத்தர் எடுத்து, மேடம் காலையிலேயே கிளம்பியாச்சு, எலி விஷயம்தானே, பெரிய விஷயம்க்கா, வாழ்த்துகள் என்று சொல்லி வைத்துவிட்டார். கூட்டத்துக்கு இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் இருந்தது. வாசலில் காத்திருக்கலாம், காபி குடித்துக்கொண்டிருக்கலாம், பையில் கண்ணாடி தேடும்போது போன் வெளிச்சம் கண்ணில் படலாம் என்று அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே பேராசிரியரின் எண்ணை அழுத்தினார். முழுசாக அடித்து நின்றது. மறுபடி அழுத்தினார்.

அண்ணன் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்தான். "ஸ்பீக்கர்ல போடு," என்றான். "எடுத்தா முதல்ல தப்பு என்னுதுன்னு சொல்லாதே. முதல்ல குழாய் வேணும்னு சொல்லு."

"முதல்ல தப்பைச் சொன்னாத்தான் குழாய் வேணும்னு புரியும்."

"உன் இஷ்டம்."

பத்து ஐம்பத்தாறு. அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பேராசிரியர் எதிரில் நிற்பது போல நேராக நின்றார். உள்ளங்கையில், ஸ்பீக்கரில், மறுமுனை மணி அடித்துக்கொண்டிருந்தது.