துணியில் வந்த துரை

சின்னக்குட்டி, நீ போய்விட்ட செய்தியை மொனராகலை பஸ்ஸில் வந்த கரும்பு வெட்டுகிற ஆள்தான் கொண்டுவந்தார். நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றேன். "உங்க தம்பி காய்ச்சல்ல போயிட்டாருங்க. அங்கேயே அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். கூடையை இறக்கக்கூட விடவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், திரும்புகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே.

இந்தத் தோட்டத்துப் பழைய ஆட்கள் எல்லாருக்கும் என் தம்பியைத் தெரியும். மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

பங்களாவில் வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். சாமி படம் என்று சொல்லி அனுமதி வாங்கி, நம் தொழிற்சங்கத் தலைவர், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டி ஒரு வங்காளப் படம் போட்டார். வெள்ளைக்காரனை விரட்டக் குண்டு செய்கிற பையன்களின் கதை. பாஷை ஒருத்தருக்கும் புரியவில்லை. தம்பிதான் துணிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னான். பாதி அவனே கட்டினது.

"அந்தப் பய என்னடா சொல்றான்?" என்று எங்கள் மாமா கேட்டார்.

"மழை பெஞ்சா பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேரு போடுறாங்களாம் மாமா. அதுக்குத்தான் குண்டு செய்றானாம்."

"வங்காளத்துலயும் அரைப்பேரா?"

"கணக்கப்பிள்ளை இல்லாத ஊரு ஏது?"

அப்போது படத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் குதிரையில் வந்தான். முன்வரிசை ஆம்பிளைகள் சடாரென்று எழுந்து, தலையில் கட்டின லேஞ்சியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமாவும் நின்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "உக்காருங்க மாமா! துணியில வர்ற தொரைக்குமா எந்திரிப்பீங்க?" களமே சிரித்தது. பெரிய கங்காணி மட்டும் சிரிக்கவில்லை.

காலையில் பெரட்டில் எல்லார் பேரையும் கூப்பிட்டார்கள். அவன் பேரைக் கூப்பிடவில்லை. துரையைக் கேலி பண்ணினான் என்று, செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் பேரை வெட்டிவிட்டார்கள். வேலையும் போனது, லயத்து வீட்டிலும் இருக்க விடவில்லை. ராத்திரி சிரித்த வாய் ஒன்றுகூடத் திறக்கவில்லை. படம் கொண்டுவந்த தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேரைத்தானே அக்கா வெட்டினாங்க, ஆளை வெட்டலையே" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

ஹாலிஎலயில் கடை கடையாக மூட்டை தூக்கினான். பிறகு மொனராகலைக்குக் கரும்பு வெட்டப் போனான். வெள்ளைக்காரத் துரையும் போனார், தோட்டம் அரசாங்கத்துக்கு வந்தது. புதுத் துரையிடம் கேட்டேன், "பழைய விசயம், பார்ப்போம்" என்றார். தலைவரிடம் கேட்டேன். "பொறு தங்கச்சி, பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார். தீபாவளிக்குத் தீபாவளி தம்பி விருந்தாளி மாதிரி வருவான். பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வருசமாவது பேரைப் போடுவாங்களா அக்கா?" என்பான். போடுவாங்கடா என்பேன்.

இப்போது அதே தலைவர் கூட்டம் வைக்கப் போகிறாராம். வெள்ளைக்காரனை எதிர்த்த வீரனாம் என் தம்பி. மாலை போட அவன் படம் இருக்கிறதா என்று ஆள் அனுப்பினார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டது மாலையா? பிறந்த லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா கேட்டான். செக்ரோலில் ஒரு பேர் கேட்டான். உயிரோடு இருந்தபோது அதைக் கேட்டுக் கொடுக்க ஆள் இல்லை.

அவன் விட்டுப்போனதில் எனக்கு மிச்சம் இந்தக் கோபந்தான். அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பங்கு வைக்க மாட்டேன்.

சின்னக்குட்டி, நீ மட்டும் ஒன்று சொல்லுடா. அந்தக் கரும்புக் காட்டில் காய்ச்சலோடு கிடந்தாயே, கடைசியாக உன் வாயில் தண்ணி ஊற்றினது யாரு?